ஏரிக்குப் போன கம்ப்யூட்டர்

ஹலீம்: ...ஏரிக்குப் போயிருக்குதுமா.

சுகந்தி: எது பாய்?

ஹலீம்: நீ கேட்டதுதான். கம்ப்யூட்டரு.

சுகந்தி: கம்ப்யூட்டர் எதுக்கு ஏரிக்குப் போவுது?

ஹலீம்: பறவை எண்ண. பாகூர் ஏரில இந்த வருசம் கூட்டம் ஜாஸ்தி. என் பேத்தி முஸ்கான் தூக்கிகினு போய் கரைல வெச்சுடுவா. அது பாட்டுக்கு எண்ணிகினு கெடக்கும். போன வாரம் ஒரு நாரை கடைக்கே வந்துடுச்சு.

சுகந்தி: எதுக்கு?

ஹலீம்: அத ரெண்டு தரம் எண்ணிட்டாங்களாம். ஞாயம் கேக்க வந்துச்சு. வந்தத வெறுங்கையா அனுப்பலாமா? நம்ம கடைலேர்ந்து ஒரு செருப்பு எடுத்துக் குடுத்து அனுப்பினேன்.

சுகந்தி: ஒரு செருப்பா?

ஹலீம்: அது ஒத்தக் கால்லதான நிக்குது? ஜோடி எதுக்கு?

சுகந்தி: பாய்... நான் செஞ்ச கம்ப்யூட்டர்ல கேமராவே கெடையாது. கொழந்தைங்க எழுத, படிக்க, கணக்குப் போட. அவ்ளோதான். வெல கொறையணும்னு கேமராவ நான்தான் எடுத்துட்டேன்.

ஹலீம்: அதான் ஒண்ண ரெண்டா எண்ணிடுச்சு.

சபுரா: ஆரு மாமா அது... சுகந்தியா! இன்னா அதுக்குள்ள வந்துட்ட? சாயந்தரம்னு சொன்ன?

சுகந்தி: மணப்பட்டுலேர்ந்து ஒரு கார்ல எடம் கெடச்சுதுக்கா. பஸ்சுக்கு நிக்கல.

சபுரா: கார்லயா... யா அல்லா.

சுகந்தி: ஏன்க்கா?

சபுரா: ஒண்ணுமில்ல. குந்து. டீ குடி. முஸ்கான் கம்ப்யூட்டர அலமாரில வெச்சுப் பூட்டினேன், சாவிய எங்க வெச்சேன்னே தெரியல...

சுகந்தி: அலமாரிலயா? பாய் ஏரில இருக்குன்னாரே?

சபுரா: ஏரிலயா!

ஹலீம்: ரெண்டு எடத்துலயும்தாம்மா. நீதான சொன்ன, எங்க வேணா எடுத்துகினு போலாம்னு?

சபுரா: மாமா, செத்த சும்மா இருக்கீங்களா... சுகந்தி, முஸ்கானும் எங்க கொழுந்தன் ஷாருக்கும் பைக்ல வெளிய போயிருக்காங்க. இதோ வந்துடுவாங்க.

சுகந்தி: சரிக்கா. அதுவரைக்கும் ஒண்ணு கேக்கறேன்... அது ஓடுதா?

சபுரா: எது?

சுகந்தி: முஸ்கானுக்குக் குடுத்த மெஷின்.

ஹலீம்: ஓடுதாவா! நல்லா கேட்ட போ. அது போடற வெளிச்சத்துல பக்கத்து வூட்டு சேவலுக்கு ராவா பகலான்னே வெளங்கல. பொழுதுக்கும் கூவுது. தொண்ட கட்டிப் போய் அவங்க அதுக்குக் கஷாயம் வெச்சுக் குடுக்கறாங்க.

சுகந்தி: ...அப்பிடியா?

ஹலீம்: ஏம்மா மூஞ்சி ஒரு மாதிரி ஆவுது? நீ செஞ்சது ஓடாம பின்ன?

சுகந்தி: இல்ல பாய். சந்தோசந்தான்.

சபுரா: இந்த சேவல் கதைய பஜார் பூரா சொல்லி வெச்சிருக்காரு சுகந்தி. நாலு பேரு சேவல பாக்கவே வந்துட்டாங்க.

ஹலீம்: பாத்தாங்கல்ல? கண்ணு செவந்து கெடந்துச்சா இல்லியா?

சுகந்தி: இருங்க பாய், போன் அடிக்குது... சொல்லுங்க ராஜ்மோகன் சார். பாகூர்லதான் சார், கடைசி வூட்ல இருக்கேன்... மூணு வூடு பாத்துட்டேன். மூணும் புத்தம் புதுசாட்டம் இருக்கு... ஆமா சார், ஒரு கீறல் இல்ல... நீங்க சொல்றதுதான் சரி போல... இல்ல இல்ல, இந்த ஒண்ணையும் பாத்துட்டு நானே சொல்றேன். சரிங்க சார்.

ஹலீம்: ஆரும்மா?

சுகந்தி: பிளாஸ்டிக் கூடு செய்யற ஃபேக்டரிக்காரர். நாளைக்கு அச்சு வெட்டறாங்க பாய். வெட்டிட்டா அப்பறம் மாத்த முடியாது, வர்றதெல்லாம் அதே மாதிரிதான் வரும். மூடிக்கு ஸ்க்ரூ போடறதா, பசை போட்டு ஒட்டிடறதான்னு இன்னிக்கே சொல்லணும்.

ஹலீம்: பசையா? செருப்புக்குப் போடறமே, அது மாதிரியா?

சுகந்தி: அதவிட கெட்டி. ஒட்டினா ஒட்டினதுதான். வெல இன்னும் கொறையும். ஆனா உள்ள எதுனா ஒண்ணு போச்சுன்னா மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்க்ரூ வேணும்னு நான்தான் இவ்ளோ நாளா மல்லுக்கு நின்னேன். ஒத்த ரூபா காசாலயே திருகற ஸ்க்ரூ. கொழந்தைங்களே தொறந்து சாமான மாத்திக்கலாம்னு.

ஹலீம்: அப்ப அதயே சொல்லு. எதுக்கு யோசன?

சுகந்தி: எப்பிடி பாய் சொல்றது? 'ஒண்ணு கூட ஒடையலியே, எதுக்குத் தொறக்கணும்'னு கேக்கறாரு. அதுக்குத்தான் நாலு ஊர்ல நாலு கொழந்தைங்க கைல குடுத்தேன். ஒடைஞ்சா ஒடனே சொல்லுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். ஒரு மாசம் கழிச்சு வந்து பாத்தா... எல்லாம் கடைலேர்ந்து இப்பத்தான் வாங்கினாப்பல இருக்கு. ஒடைஞ்சது ஒண்ணே ஒண்ணு கெடச்சா போதும் எனக்கு.

சபுரா: மாமா...

ஹலீம்: நீ போய் டீ போடு.

சபுரா: போட்ட டீயே ஆறிப் போச்சு. மாமா, கேட்டீங்கல்ல?

ஹலீம்: கேட்டுகினுதான் இருக்கேன்.

சுகந்தி: அதுவும் இல்லாம, ஒரு வூட்லயும் ஆன் பண்ணிக் காட்ட மாட்டேங்கறாங்கக்கா. மடுகரைல சார்ஜ் இல்லன்னாங்க. கரிக்கலாம்பாக்கத்துல, 'இப்பத்தான் தூங்குது, எழுப்பாத'ன்றாங்க. மணப்பட்டுல பிரிட்டோவோட அம்மா காசம்மாக்கா கரண்ட் இல்லன்னாங்க. தலைக்கு மேல ஃபேன் சுத்துது!

ஹலீம்: கடக்கர ஊரு. காத்துல சுத்தும்.

சுகந்தி: வெயிட்டு வேற. மடுகரைல தூக்கறேன், தக்கை மாதிரி இருந்துச்சு. கரிக்கலாம்பாக்கத்துல கொஞ்சம் கனம். மணப்பட்டுல இன்னும் கனம்.

ஹலீம்: கெழக்க போவப் போவ எல்லாம் கனக்கும். உப்பு.

சபுரா: பைக் சத்தம்... வந்துட்டாங்க.

ஹலீம்: ஏரிலேர்ந்து.

சபுரா: ஏன்டி முஸ்கான் இவ்ளோ நேரம்? மணப்பட்டுக்குப் போய்ட்டு வர இவ்ளோ...

சுகந்தி: மணப்பட்டா?

சபுரா: மணப்பட்டுன்னா சொன்னேன்?

ஹலீம்: ஏரிக்குப் போற வழி.

சுகந்தி: இங்கேர்ந்து மணப்பட்டு வழியாவா ஏரிக்குப் போவாங்க?

ஹலீம்: சுத்து வழிமா. காத்தோட்டமா இருக்கும்.

முஸ்கான்: ஐயோ, அக்கா வந்துட்டாங்களா! அக்கா...

சுகந்தி: கொண்டா கண்ணு அந்தப் பைய. பாக்கறேன்... உம்... கருவாட்டு வாசன வருதே.

ஹலீம்: ஏரில மீனு இல்லியா?

சுகந்தி: மூடி மூலைல குங்குமம். காலைல மடுகரைல அருள்முருகன் அம்மா என் கண்ணெதிர வெச்ச குங்குமம். வெரல் கூட வழுக்கி இப்பிடிக் கோடா இழுத்துச்சு. அதே கோடு.

ஹலீம்: நாரைங்க இப்பல்லாம் பொட்டு...

சபுரா: மாமா, போதும்! அந்தப் புள்ள நாளைக்குப் பசைய ஒட்டிட்டு வந்து நிக்கப் போவுது, நீங்க நாரைய வுட மாட்டேங்கறீங்க. சுகந்தி, நான் சொல்லிடறேன். நீ காலைலேர்ந்து பாத்ததெல்லாம் ஒரே கம்ப்யூட்டருதான். இதுதான். நீ ஒரு வூட்ட வுட்டுக் கெளம்பினதும் ஷாருக்கு இத எடுத்துகினு உனக்கு முன்னாடி அடுத்த வூட்டுக்குப் போய்ட்டான்.

சுகந்தி: அப்ப மத்தது?

சபுரா: மூணும் ஒடைஞ்சு போச்சு. அருள்முருகன் டிராக்டர் சீட்டு மேல வெயில்ல வெச்சுட்டு மறந்துட்டான். பேட்டரி உப்பிகிச்சு. கரிக்கலாம்பாக்கம் செல்வகுமாரி ரசத்த ஊத்திட்டா. உள்ள போர்டு செத்துடுச்சு. பிரிட்டோ படகுலேர்ந்து குதிக்கறப்ப கீழ போட்டு கண்ணாடி ரெண்டா விண்டு போச்சு.

சுகந்தி: ஐயோ சபுராக்கா! இதத்தான... இதுக்குத்தான நான் வீதி வீதியா அலையறேன்! ஒடைஞ்சா சொல்லுங்கன்னு சொன்னேன்ல?

ஹலீம்: எல்லாரும் அப்பிடித்தாம்மா சொல்றாங்க. விருந்தாளி கண்ணாடி க்ளாஸ ஒடைச்சுட்டா, 'அதனால இன்னா, பரவால்ல'ன்னு சொல்றவங்க மூஞ்சிய நீ பாத்ததில்லியா? உன் பேச்சும் அப்பிடித்தான்னு நெனச்சுட்டாங்க.

சபுரா: நாளைக்கு உனக்கு ஏதோ பரிச்ச மாதிரி, ஒடைஞ்சுதுன்னு தெரிஞ்சா உன் வேலையவே மூடிடுவாங்கன்னு காசம்மா அழுவுது. நீ ஃபெயிலாயிடக் கூடாதுன்னுதான் எல்லாரும் சேந்து...

முஸ்கான்: அக்கா, ஒரு நிமிசம்...

சுகந்தி: இரு கண்ணு. எனக்கு ஒண்ணு கேக்கணும். முஸ்கானோடது மட்டும் எப்பிடிக்கா ஒடையாம இருக்கு?

சபுரா: அது...

ஹலீம்: என் பேத்தி எதையும் பத்திரமா வெச்சுப்பா.

சபுரா: ஸ்கூல்ல பைப்ப ஒடைச்சவளா?

ஹலீம்: பைப்பு பழசு.

சுகந்தி: வேணாம் பாய். நீங்க எனக்காக எத்தினி பொய்தான் சொல்வீங்க. மடுகரைல தூக்கினப்பவே எனக்குத் தெரியும் இது ஆரோடதுன்னு. அப்ப வாயத் தொறந்திருக்கணும். தொறந்தா நான் செஞ்சது வெளிய வந்துடும்... அதான் பேசாம இருந்துட்டேன்.

சபுரா: இன்னா செஞ்ச நீ?

சுகந்தி: இதுக்குள்ள ஒண்ணுமே இல்லக்கா. வெறும் கூடு. நாலாவதுக்கு சாமான் வரல. முஸ்கான் கைக்குப் போனது முழுசா திரும்பாதுன்னு அவ டீச்சர் சொன்னாங்க. சரி, ஒடைக்கற கொழந்தைக்கு வெறும் கூடு போதும், அது தாங்குதான்னு பாத்துக்கலாம்னு... குடுத்தப்ப நெஞ்சோட அணைச்சுகினு தேங்க்ஸ்க்கான்னு சொன்னா பாருங்க... ஒரு மாசமா அது என்னை...

முஸ்கான்: அக்கா, அது வந்து...

ஹலீம்: இரு முஸ்கான். எங்களுக்குத் தெரியும்மா.

சுகந்தி: தெரியுமா?

ஹலீம்: மொத நாளே. ஒத்த ரூபா காச வெச்சுத் தொறந்துட்டா. உள்ள எட்டிப் பாத்தா. அப்பறம் மூடிட்டு சொல்றா, 'அக்காகிட்ட சாமான் தீந்து போயிருக்கும். வந்ததும் கொண்டாந்து போடுவாங்க. நீங்க கேட்டுடாதீங்க, கஷ்டப்படுவாங்க'ன்னு. அன்னிலேர்ந்து கீழ வெக்காம வெச்சுக் காப்பாத்தறா.

சபுரா: அவ ஒடைக்காம வெச்சிருந்த ஒரே பொருளு சுகந்தி அது.

சுகந்தி: அப்ப அந்த சேவல்... கஷாயம்...

ஹலீம்: பஜார்ல ஒரு பையன், 'உன்னுது ஓடவே ஓடாதாமே'ன்னு இவள கேட்டுட்டான். கண்ணுல தண்ணி முட்டிகிச்சு புள்ளைக்கு. அன்னிக்குப் பொறந்த சேவல்தாம்மா அது.

சுகந்தி: மன்னிச்சுடு கண்ணு.

முஸ்கான்: ஐய, அதெல்லாம் வுடுங்கக்கா. நான் சொல்றத ஆராவது கேக்கறீங்களா...

சுகந்தி: ஆனா பாய், ஒண்ணு மட்டும் புரியல. வெறும் கூடு ஏன் கனத்துகினே போச்சு? இப்ப இன்னும் கனமா இருக்கு.

ஹலீம்: அது எனக்கும் தெரியலமா. உப்புன்னு சொன்னது சும்மா அடிச்சு வுட்டது.

சபுரா: சுகந்தி, உன் போன் அடிக்குது பாரு.

சுகந்தி: ராஜ்மோகன் சார்தான்... சொல்லுங்க சார். முடிவு பண்ணிட்டேன், ஸ்க்ரூதான். பசை வேணாம்... இல்ல சார், ஒடைஞ்சிருக்கு. மூணும் ஒடைஞ்சிருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியும்... தொறந்து ஆரு மாத்தப் போறாங்களா? கொழந்தைங்க சார்... முடியும் சார்... இல்ல, மாத்தி நான் கண்ணால பாத்ததில்ல, ஆனா... சார், அச்சு வெட்டச் சொல்லிடாதீங்க, ஒரு நாளு குடுங்க...

முஸ்கான்: போன குடுங்கக்கா.

சபுரா: ஏய், பெரியவங்க பேசறப்ப இன்னாடி நீ...

ஹலீம்: குடும்மா. குடுத்துப் பாரு.

முஸ்கான்: அங்கிள், நான் பாகூர் முஸ்கான். என் டப்பாவ எல்லாரும் இரவல் கேட்டாங்க. நான் சும்மா குடுக்கல, வூட்டுக்கு ஒரு சாமான் வாடகை வாங்கிகினேன். அருள்முருகன்கிட்ட போர்டு, செல்வகுமாரிகிட்ட கண்ணாடி, பிரிட்டோகிட்ட பேட்டரி. அவங்கவங்க வூட்லயே குந்திகினு காசால தொறந்து, நானே மாட்டிட்டேன். ஒரு ஸ்க்ரூ மட்டும் மணப்பட்டு மண்ணுல வுழுந்துடுச்சு, அக்காகிட்ட சொல்லிடாதீங்க. நீங்க பசை போட்டு ஒட்டியிருந்தீங்கன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்?... இருங்க, பட்டன அமுக்கறேன்... எரியுது அங்கிள்! தாத்தா, ஓடிப் போய் அந்த சேவல பாருங்க, கூவுதா?