எந்தத் தோளு வலிக்குதுக்கா?

"ஹலோ… ஹலோ, ஜெயம்மாக்காவா?… அப்பாடா, இப்பவாச்சும் எடுத்தியே! காலைலருந்து எத்தினி வாட்டி அடிக்கிறது… ஆங், ஆங், நஸ்ரியாதான். ஒரே காத்தா கேக்குது, எங்க இருக்கிற?… கரையிலயா? இந்த வெயில்ல அங்க இன்னா பண்ற?… சரி சரி. மீன் கூடைய வெச்சிட்டு கொஞ்சம் தள்ளி வா. முக்கியமான விஷயம்."

தையல் மிஷினை விட்டு எழுந்து நஸ்ரியா சன்னலோரம் வந்து நின்றாள். பழவேற்காட்டில் கடைத்தெருவுக்குப் பின்னால் அவள் வீடு. ஜெயம்மா இருப்பது பக்கத்துக் கோட்டைக்குப்பத்தில். நஸ்ரியாவுக்கு லூபஸ், ஜெயம்மாவுக்கு முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பின் மேல் பாயும் நோய்கள் இரண்டும். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியின் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று பழகியவர்கள், பிறகு மாதாமாதம் ஒரே பஸ்ஸில் போய் வந்தார்கள். போன முறை டாக்டர் நந்தினி இருவருக்கும் கழுத்து ரத்தக்குழாயில் ஸ்கேன் எடுத்திருந்தார். இன்று காலை அவர் நஸ்ரியாவைப் போனில் கூப்பிட்டார். ஜெயம்மா போனை எடுக்கவில்லை, எப்படியாவது உடனே வரச் சொல்லுங்கள் என்றார்.

"டாக்டரம்மா பேசினாங்க. உன்ன உடனே வரச் சொல்றாங்க… இல்லக்கா, அடுத்த மாசம் இல்ல. உடனே… இரு, நான் சொல்றத கேளு. கழுத்துல ஸ்கேன் எடுத்தாங்களே, அதுல… ஆமா, தெரியும், சக்கர இல்ல. பிரஷரு இல்ல. கொழுப்பும் சரியா இருக்குது. பொன்னேரி கிளினிக்குல ஒண்ணும் இல்லன்னாங்க. எல்லாம் சரி…"

ஜெயம்மாவின் குரல் உயர்ந்தது. நஸ்ரியா போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

"நான் பயமுறுத்தலக்கா! ஆ… ஆ… நீ முடி, அப்பால நான் பேசறேன்… முடிச்சிட்டியா? வயசு, பிரஷரு, கொழுப்பு, பீடி சிகரெட்டு, எல்லாத்தையும் போட்டு ஒரு கணக்கு பாக்கறாங்க இல்ல, மாரடைப்பு வருமா வராதான்னு? அது நம்மள மாதிரி நோயி இல்லாதவங்கள பாத்து போட்ட கணக்கு. நமக்கு அது கொறச்சிதான் காட்டும்னாங்க. உன் வெரலு வீங்குது இல்ல, அந்த வீக்கம் வெரலோட நிக்காதாம். ரத்தக்கொழாய்க்குள்ளயும் அரிச்சிகினே இருக்குமாம். அதான் கழுத்துல எடுத்து பாத்தாங்க. உனக்கு நெறைய படிஞ்சிருக்குதாம்க்கா… அடைப்பு மாதிரிதான்… ஆமா… ஆமா, இப்பவேதான்."

அலைச் சத்தத்துக்கு நடுவே ஜெயம்மா தணிந்த குரலில், இப்போது வர முடியாது என்றாள். நஸ்ரியா எதிர்பார்த்ததுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் மஞ்சுவுக்கு வளைகாப்பு. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை.

"தெரியும்க்கா. அவ ரவிக்கைய நான்தானே தெக்கிறேன்… அவகிட்ட சொல்ல வேணாம், சரி. அண்ணன்கிட்டயும் சொல்ல வேணாம். நாளைக்கு நம்ம ரெண்டு பேரு மட்டும் போய்ட்டு… ஏன்க்கா இப்பிடி மூச்சு வாங்குற?… கூடை தூக்கினா இப்பிடியா வாங்கும்? உக்காந்துதானே இருக்கிற?… எப்பவும் வர்ற வலியா? தோளா? மாத்திர போட்டியா?… வலி மாத்திரய நீயா போடாதன்னு டாக்டரம்மா சொல்லல?… சரி, போட்டுட்ட. கொறஞ்சிச்சா?… கொறயலயா."

நஸ்ரியாவின் கை சன்னல் கம்பியைப் பற்றியது. காலையில் டாக்டர் கடைசியாகச் சொன்னது நினைவில் ஓடியது. உங்களுக்கெல்லாம் வலி பழகிப்போயிருக்கும். அதனாலேயே நெஞ்சிலிருந்து வரும் வலியையும் மூட்டுவலி என்று விட்டுவிடுவீர்கள்.

"எந்தத் தோளு வலிக்குதுக்கா?… எப்பவும் ரெண்டுலயும்தானே வரும்? இன்னிக்கி எடது பக்கம் மட்டுமா?… கைக்கு எறங்குதா?… தாடையிலயா! பல்லு வலின்னு நீயா எப்பிடி சொல்ற?… வேர்க்குதா?… வெயிலு இல்லக்கா, அவ்ளோ காத்து அடிக்குது அங்க… எப்பலருந்து?… விடியக்காலத்துலருந்தா? யா அல்லா…"

வருமா வராதா என்று டாக்டர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மாரடைப்பு, கரையில் கூடையோரம் உட்கார்ந்திருக்கும் ஜெயம்மாவுக்கு இப்போதே வந்துகொண்டிருக்கிறது என்று நஸ்ரியாவுக்குப் பட்டது.

"அக்கா, எழுந்துக்காத. நான் சொல்றேன் இல்ல, எழுந்துக்காத!… வீட்டுக்கு நடந்து போவாத… கோவிச்சிக்கோ, பரவால்ல. வெச்சிடாதக்கா, வெச்சிடாத… அக்கா!… ஆங், இருக்கிறியா. இருக்கிற. உன் வீட்டுக்காரரு வரதண்ணன் எங்க?… கடலுக்கு போயிட்டாரா. கூட யாரு இருக்கிறாங்க?… மஞ்சு மட்டும்தானா? அவ இன்னா பண்றா?… அவகிட்ட குடு… குடுக்க மாட்டியா?"

ஜெயம்மா முடியவே முடியாது என்றாள். பிள்ளைத்தாய்ச்சி பயந்து ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று மூச்சிரைக்கக் கேட்டாள். நஸ்ரியா கண்ணை மூடித் திறந்தாள். அடுத்து வந்த குரல் அவளுடையது போலவே இல்லை. கடையில் வாடிக்கைக்காரியிடம் பேசுவது போல அவ்வளவு இலகுவாக இருந்தது.

"அட, அதுக்கில்லக்கா. ரவிக்கைல கை அளவு சந்தேகமா இருக்குது. இப்பதான் வெட்டப் போறேன், அளவு ரவிக்கை கொஞ்சம் புடிக்குதுன்னு சொன்னா இல்ல?… ஆமா, அது மட்டும்தான். நீ சொன்னத அவகிட்ட நான் ஏன் சொல்லப் போறேன்?… ம்… ம், குடு."

போன் கைமாறும் அந்தச் சிறு இடைவெளியில் அவள் போனைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் திரும்பிக் கத்தினாள்.

"ஏங்க! உங்க போனுலருந்து நூத்தியெட்டுக்கு அடிங்க! கோட்டைக்குப்பம் கரை, ஜெயம்மாக்காவுக்கு நெஞ்சு… கேக்காதீங்க, அடிங்க!"

அவள் கணவன் மக்பூல் சாப்பிட்ட கையோடு எழுந்து போனை எடுக்க ஓடினான்.

"ஹலோ, மஞ்சுவா?… ஆமா, மஞ்சு. சிரிச்சிகினே கேளும்மா. மூஞ்சில ஒண்ணும் காட்டாத… உங்கம்மாவுக்கு நெஞ்சுல கோளாறு. மாரடைப்பா இருக்கும்னு தோணுது… அழாத. மஞ்சு, அழாத. அம்மா உன்னயேதான் பாத்துகினு இருப்பா. 'ம்… ம்'னு மட்டும் சொல்லு… ஆங், அப்பிடித்தான். எம்பொண்ணு. இப்ப அவங்க பக்கத்துல போய் உக்காரு. வேர்வைய தொட… ஜில்லுன்னு இருக்குதா? சரி. நடக்க விடாத. சாஞ்சாப்ல உக்கார வை. நீ தூக்காத, கேக்குதா? நீ எதையும் தூக்காத. பக்கத்துல ஆம்பளைங்க யாரு?… ரங்கனா? அவரோட மீன் வண்டி நிக்குதா?… கூப்டு. கூவிக் கூப்டு."

மக்பூல் தன் போனைக் காதில் வைத்தபடியே வந்து, திருப்பாலைவனம் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, ஆனால் கரை மணலில் இறங்காது என்று சைகையும் பேச்சுமாகச் சொன்னான்.

"மஞ்சு, வண்டி வந்துகினு இருக்குது. மணல்ல எறங்காது. ரங்கன ரோட்டுக்கு கொண்டாந்து விடச் சொல்லு, எதுத்தாப்ல ஆம்புலன்ஸ் வரும்… சேரு இருக்குதா? சேருல உக்கார வெச்சி தூக்கட்டும்… நாலு பேரு புடிங்க… இன்னா சத்தம் அது?… வாந்தியா? தலய சாய்ச்சி புடி. பயப்படாத… மஞ்சு? மஞ்சு!"

பல குரல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. யாரோ தள்ளு தள்ளு என்றார்கள். ஒரு வண்டி இரண்டு முறை உறுமி நின்று, மூன்றாம் முறை கிளம்பியது. டாக்டரின் எண்ணை ஆம்புலன்ஸ்காரருக்கு அனுப்பச் சொல்லி நஸ்ரியா கணவனின் கையைத் தட்டினாள். போனை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை. வண்டி குலுங்குவதும் மஞ்சு 'அம்மா, அம்மா' என்பதும் மாறி மாறிக் கேட்டன. ஜெயம்மாவின் குரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நஸ்ரியாவின் உதடுகள் ஓதிக்கொண்டே இருந்தன.

"ஹலோ… ஹலோ, யாருங்க?… ஆம்புலன்ஸா! ஏத்திட்டீங்களா?… ஆமாங்க, நான்தான். டாக்டர் நம்பரு வந்திச்சா?… ஈசிஜி எடுத்துட்டீங்களா… இன்னா காட்டுது?… அட்டாக்தானா… ம்… ம்… முடக்குவாதம்ங்க, ரொம்ப வருசமா. அதுக்கு மாத்திர சாப்பிடுது. காலைல வலி மாத்திரயும் போட்டுக்கிச்சி, அதயும் சொல்லிடுங்க… டாக்டரம்மா பேசிட்டாங்களா? நேரா அங்கயே கொண்டாரச் சொன்னாங்களா… அவ்ளோ தூரம் தாங்குமாங்க?… நெசமாவா? நெனவு இருக்குதா? பேசுதா?"

நஸ்ரியா தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா?… பேசாதக்கா, மெதுவா மூச்சு வுடு… ஆமா, பொய்தான் சொன்னேன். ரவிக்கை காலைலயே தெச்சி முடிச்சிட்டேன்… திட்டு, நல்லா ஆன அப்பறம் வந்து திட்டு… மஞ்சு தைரியமாத்தான் இருக்குது, நான் கேட்டுகினுதானே இருந்தேன்… இன்னாது? சரியா கேக்கல… எனக்கா?"

ஜெயம்மா திரும்பவும் கேட்டாள். ரெண்டு பேருக்கும்தானே ஸ்கேன் எடுத்தாங்க, உனக்கு இன்னாடி வந்திச்சி? நஸ்ரியா தலையைத் தூக்கினாள். மக்பூல் தண்ணீர்ச் சொம்போடு எதிரில் நின்றுகொண்டிருந்தான்.

"எனக்கும் படிஞ்சிருக்குதுக்கா… உன் அளவுக்கு இல்ல. ஆனா இருக்குது. மாத்திர தரேன், வான்னாங்க… இல்ல, அவருகிட்ட இன்னும் சொல்லல… இப்ப சொல்லிட்டேன். எதிர்லதான் நிக்கறாரு… ஆமா, வரேன். கண்டிப்பா வரேன். ஹலோ… அக்கா?… ஹலோ…"

ஆம்புலன்ஸ் கதவு சாத்தப்படும் சத்தம் வந்தது. சைரன் ஒலி எழுந்தது. பாதியில் லைன் அறுந்துபோனது.

மக்பூல் சொம்பை அவள் கையில் வைத்து அவள் குடிக்கும்வரை நின்றான். பிறகு கொடியில் கிடந்த அவளுடைய புர்காவை எடுத்து நீட்டிவிட்டு, தன் செருப்பைத் தேடத் தொடங்கினான்.