கேட்டு எழுத வந்த நர்ஸம்மா

"…நடுவுல ஒரு பொம்பளைய வரைஞ்சிருக்காவ, பாத்துக்கோ. பெரிசா. பொட்டு வச்சு, தலையில பூ வச்சு, இடுப்புல பிள்ளையோட. அவளச் சுத்தி ஒரு வட்டம். அந்த வட்டத்துல ஆஸ்பத்திரி, டாக்டரு, மருந்துப் பெட்டி, ஆம்புலன்ஸு… எல்லாம் சின்னச் சின்னதா. நான் எங்க இருக்கேன்னு தேடுதேன், தேடுதேன், கண்ணாடியப் போட்டுத் தேடுதேன். கீழ மூலையில, மருந்துப் பெட்டிக்கு அடியில, எறும்பு மாதிரி ஒருத்தி குடையப் பிடிச்சுக்கிட்டுப் போறா. அதுதான் நானாம்."

கிராம நர்ஸ் கிருபாபாய் இதைச் சொல்லிக்கொண்டேதான் வாசலில் செருப்பைக் கழற்றினாள். சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தோல்பையை மடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் யாரிடம் ஆரம்பித்த பேச்சோ, அய்யம்மாளுக்குப் பாதியிலிருந்துதான் கிடைத்தது.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்ஸுகளுக்கெல்லாம் மீட்டிங்காம். மெட்ராசிலிருந்து ஒரு பெரிய அதிகாரியம்மா வந்து, அந்தப் படத்தைச் சுவரில் மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினாராம். இனிமேல் மேலிருந்து டார்கெட் வராதாம். இந்த மாசம் இத்தனை குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசன் கேஸ் பிடி, இத்தனை பேருக்குக் கரு தங்காமலிருக்க லூப் வை என்று யாரும் கணக்குக் கேட்கமாட்டார்களாம். கேஸ் என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாதாம். அதற்குப் பதிலாக வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பெண்ணிடமும் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுத வேண்டுமாம். அவள் சொல்கிறபடிதான் இனி ஆஸ்பத்திரியே நடக்குமாம்.

"அவளச் சுத்தித்தான் நாம எல்லாரும் இருக்கணும்ங்காவ. ஏட்டி, நான் சுத்தாம இருந்த நாளு எது? இந்த ஊரு நாய்க்கெல்லாம் என் குடையத் தெரியும்."

அய்யம்மாள் தலையை ஆட்டினாள். அவள் கை பேண்டேஜ் துணியை மடித்துக்கொண்டிருந்தது. அவள் புருசன் சங்கையா தறியில் ஓட்டுகிற துணி அது. மடித்துக் கட்டிக் கொடுத்தால் ராஜபாளையத்துக்கு வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். நூல் அறுந்த துண்டு, ஓரம் கிழிந்த துண்டுகளை முதலாளி திரும்பக் கேட்பதில்லை. முன்பெல்லாம் அவை அடுப்படியில் கைப்பிடித் துணியாகும். அக்கம்பக்கத்துக்கும் கொஞ்சம் போகும். இப்போது அம்புட்டும் அவளுக்கே போதவில்லை.

மகன் பிறந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து அவளுக்கு உதிரப்போக்கு நின்றபாடில்லை. இரண்டு நாள் நிற்பதுபோல் இருக்கும், பிறகு தொடங்கிவிடும். அடிவயிற்றுக்குள் யாரோ நூலைக் கட்டிவைத்துச் சுண்டி இழுக்கிற மாதிரி ஒரு வலி வேறு. மாமியார் சுடலையம்மாள், பச்சை உடம்போடு வெளியே நடந்து எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போய்ப் பேச்சியம்மனுக்குப் பொங்கல் வைத்து, கையில் கயிறு கட்டிவிட்டாள். சங்கையா, டவுனுக்குப் போய் டாக்டரைப் பார் என்றான். போனாள். டாக்டர் ஆம்பளை. எதிரே உட்கார்ந்ததும், தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இன்றைக்கு நர்ஸம்மா வருவாள் என்று தெரிந்ததும் துணிந்துவிட்டாள். நர்ஸம்மா பொம்பளை, பிரசவம் பார்த்தவள், அவளிடம் வெட்கம் என்ன. காலையில் பாத்திரம் விளக்கும்போதே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். 'நிக்காமப் போகுது நர்ஸம்மா.' அவ்வளவுதான். அதற்குமேல் நர்ஸம்மா புரிந்துகொள்வாள்.

"நர்ஸம்மா…" என்றாள்.

"செத்த இரு, இத முடிச்சிருதேன்."

நேற்று மேலத்தெருவில் கேட்கப் போன கதையைக் கிருபாபாய் எடுத்தாள். முதல் வீட்டுக்காரி, தெருக்குழாயில் தண்ணீர் வரவேண்டும் என்றாளாம். அடுத்தவள் ரேசனில் பாமாயில் வேண்டும் என்றாளாம். இது ஆஸ்பத்திரிக் கணக்கு தாயி என்று சொன்னதற்கு, அப்போ ஆஸ்பத்திரியில் பாமாயில் போடச் சொல்லுங்க என்றாளாம். கட்டிலில் கிடந்த பெரியவர் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, எனக்குக் கண்ணாடி வேண்டும், எழுது என்றாராம். இது பொம்பளைகளுக்கு மட்டும்தான் தாத்தா என்றால், சரி, என் பொண்டாட்டி பேரில் எழுது என்றாராம். பொண்டாட்டி செத்துப்போய் எத்தனையோ வருசம்.

"ஒரே ஒருத்திதான் ஒழுங்காப் பதில் சொன்னது. ராஜுக்க வீட்டம்மா. தெலுங்குல, ஏமீ ஒத்துன்னாவ. ஒண்ணும் வேண்டாம். கதவையும் சாத்திட்டாவ. எனக்கு அவியளக் கும்பிடணும்போல இருந்துச்சு. எழுதறதுக்கு எம்புட்டு லேசு."

"நர்ஸம்மா, எனக்கு…"

"உனக்குக் காப்பி போட சீனி இருக்கா? இல்லன்னா கருப்பட்டி போதும். நடந்து நடந்து தொண்டை வத்திப்போச்சு."

அய்யம்மாள் எழுந்தாள். எழும்போதே வலி சுண்டியது. நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். கிருபாபாய் அதைப் பார்த்தாள். பார்த்தது நல்லதாயிற்று, இப்போது கேட்பாள் என்று அய்யம்மாள் நினைத்தாள்.

"முதுகா? எனக்கும்தான்" என்றாள் கிருபாபாய். தன் முதுகு எந்த எலும்பில் தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது, சைக்கிள் ஓட்டியதால் வந்ததா, குனிந்து பிரசவம் பார்த்ததால் வந்ததா, நாசரேத்தில் இருக்கிற அவள் அக்காள் என்ன தைலம் அனுப்பினாள், அது ஏன் கேட்கவில்லை என்பதெல்லாம் காப்பி கொதித்து இறங்குகிற வரைக்கும் அடுப்படிக்கு வந்துகொண்டிருந்தது. அய்யம்மாள் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். முதுகு முடிந்து பழைய காலம் வந்திருந்தது.

கிருபாபாய் டார்கெட் காலத்தைத் திட்டாத நாளில்லை. இன்றைக்கு அதுவே பொற்காலம்போல் பேசினாள். மார்ச் மாசம் வந்தால் தூக்கம் கிடையாது. கணக்குக் குறைந்தால் மெமோ, சம்பளம் நிறுத்தம், மீட்டிங்கில் எல்லாருக்கும் முன்னால் எழுப்பி நிறுத்துவது. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் கேஸ் பிடிக்கிற வேலை, தலையாரிக்கும் கேஸ் பிடிக்கிற வேலை. தளவாய்புரத்துக்காரி ஒருத்தியை, வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நடந்து, ஆபரேசனுக்குச் சம்மதிக்கவைத்து, பஸ் ஏற்றிக் கூட்டிப்போனால், ஆஸ்பத்திரி வாசலில் தவசிமுத்து வாத்தியார் அவளுக்கு வடை வாங்கிக் கொடுத்துத் தன் கணக்கில் சேர்த்துவிட்டார். ஒரு வடைக்குப் போய்விட்டது கேஸ்.

"ஆனாலும் அதுல ஒரு நிம்மதி உண்டு பாத்துக்கோ. என்ன செய்யணும்னு தெரியும். யாரையும் என்ன வேணும்னு கேட்டுக்கிட்டு நிக்க வேண்டாம்." காப்பியை ஒரு வாய் குடித்தாள். "ஆபரேசன் கேஸுதான் கையில நிக்காது, ஓடும். லூப் கேஸு ஓடாது. எப்படிச் சொல்லு. பிரசவத்துக்குன்னு தானா வந்து படுக்கா. பிள்ளை வெளிய வந்த கையோட உள்ள வச்சுவிட்டா முடிஞ்சுது. வலியோட வலி, அவளுக்கே தெரியாது. கேட்டாத்தான வேண்டாம்பா? நாங்க கேக்கவே மாட்டோம்லா."

அய்யம்மாளின் கையில் பாதி மடித்த துணி இருந்தது.

"போன வருசம் பங்குனியில அப்படித்தான். ரெண்டு கேஸு குறையுது. விடிஞ்சாக் கணக்கு முடிக்கணும். எனக்கு மெமோவே டைப் அடிச்சு வச்சாச்சு. ஏசப்பா, வழி காட்டும்னு உக்காந்திருக்கேன். வயித்தப் பிடிச்சுக்கிட்டு வந்து எறங்குத நீ. உன் பின்னாலயே பக்கத்து வீட்டு முத்தாத்தா. ஏட்டி, அன்னைக்குத்தான் எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. இன்னைக்கும் ஜெபத்துல உன் பேரச் சொல்லுதேன் அய்யம்மா. நல்லாயிருப்ப."

அய்யம்மாளுக்குப் பேச்சியம்மன் கோயில் பொங்கல் பானை நினைவுக்கு வந்தது. மஞ்சள் கயிறு கட்டின கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தலைவலி மாத்திரை இன்னும் மாடத்தில் அப்படியே இருந்தது.

கிருபாபாய் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடியில் விரித்தாள். பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"சரி, வந்த வேலையப் பாக்கணும்லா. அய்யம்மாள், கணவர் பேர் சங்கையா. உனக்கு என்ன வேணும்? ஒண்ணும் வேண்டாம், அப்படித்தான…"

எழுதத் தொடங்கிய இடத்தில் அய்யம்மாள் கையை வைத்தாள். தாள் கசங்கியது.

"அத எடுத்துருங்க."

"எத?"

"உள்ள வச்சத."

கிருபாபாய்க்குப் பேச்சு தட்டுத்தடுமாறித்தான் வந்தது. அது அவள் நன்மைக்குத்தான் என்றாள். பிள்ளைக்குப் பிள்ளை இடைவெளி வேண்டுமல்லவா என்றாள். ஊரில் எத்தனையோ பேர் வைத்துக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்றாள். "உனக்கும் ஒரு தொந்தரவும் இல்லையே. இருந்தா சொல்லியிருப்பியே."

"நிக்காமப் போகுது நர்ஸம்மா" என்றாள் அய்யம்மாள். காலையில் சொல்லிப் பார்த்த அதே குரலில், அதே மாதிரி. "பிள்ளை பொறந்ததுல இருந்து."

கிருபாபாயின் கண், மூலையில் ஓரம் கிழிந்த துணித்துண்டுகளைப் போட்டுவைக்கிற கூடைக்குப் போனது. கூடை கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. என்ன புரிந்ததோ, தாளை மடித்துப் பைக்குள் திணித்தாள். பக்கத்து வீட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். பாதிக் காப்பி தம்ளரிலேயே இருந்தது. செருப்பைக் காலில் சரியாக மாட்டாமலே இழுத்துக்கொண்டு போனாள்.

போனவள் திரும்ப வரமாட்டாள் என்று அய்யம்மாளுக்குத் தெரியும். நாளைக்கு வேறு தெரு, மறுநாள் வேறு ஊர். அவள் தூளியில் கிடந்த மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமலே வெளியே வந்தாள். பிறத்தியார் வீட்டு வாசலில் கூப்பிடாமல் போய் அவள் நின்றது அதுதான் முதல் தடவை.

உள்ளே கிருபாபாய் மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்திருந்தாள். "நடுவுல ஒரு பொம்பளைய வரைஞ்சிருக்காவ, பாத்துக்கோ…" குரல் முன்போல் ஏறவில்லை. படத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டு நேரே கேள்விக்கு வந்தாள். வாசல் பக்கம் திரும்பவில்லை.

"உனக்கு என்ன வேணும் முத்தாத்தா?"

முத்தாத்தாள் பொம்பளைப் பிள்ளையை மடியில் போட்டுத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அழுகிறாற்போல் சொன்னாள்.

"எனக்கு ஒரு ஆம்பளப் பிள்ளை வேணும் நர்ஸம்மா. மாமியா பேச்சு தாங்க முடியல. போகாத கோயில் இல்ல. வயித்துல தங்கவே மாட்டேங்கு. என்ன கோளாறுன்னு தெரியல, அதுக்கு ஒரு மருந்து எழுதுங்க."

கிருபாபாய் பேனாவைப் பார்த்தாள்.

"மருந்து வேண்டாம்க்கா" என்றாள் அய்யம்மாள், வாசலிலிருந்து. "கோளாறும் இல்ல. போன வருசம் பங்குனியில நம்ம ரெண்டு பேருக்கும் லூப் வச்சிட்டாங்க. நர்ஸம்மாவுக்குக் கணக்குல ரெண்டு குறைஞ்சுதாம்."

முத்தாத்தாள் அய்யம்மாளைப் பார்த்தாள். இவளுக்கு இத்தனை வார்த்தை பேச வருமா என்று பார்த்ததுபோல் இருந்தது. பிறகு கிருபாபாயைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மடியிலிருந்த பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்துபோய், கிருபாபாயின் குடையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க" என்றாள். "எங்க போய் எடுக்கணும்?"

நாளைக்குக் காலையில் வாருங்கள் என்று கிருபாபாய் சொல்லிப் பார்த்தாள். வெந்நீர் வைக்க வேண்டும், சாமான்களைக் கொதிக்கவிட வேண்டும், இப்போதுதான் தெரு பாதி முடிந்திருக்கிறது என்றாள். குடையைத் தருவதாக முத்தாத்தாளும் இல்லை, வாசலை விட்டு நகர்வதாக அய்யம்மாளும் இல்லை.

ஊர்க்கோடியிலிருந்த நர்ஸு குடியிருப்புவரைக்கும் கிருபாபாய் பேசிக்கொண்டேதான் நடந்தாள். யாரைப் பார்த்துப் பேசுகிறாள் என்று சொல்ல முடியாது. "கேளுங்க, கேளுங்கன்னாவ. அவியளுக்கென்ன, படத்த மாட்டிட்டு ரயிலேறிட்டாவ. இதுக்குத்தான் நான் இத்தன வருசமா ஒருத்திகிட்டயும் கேக்காம இருந்தது." பூட்டைத் திறக்கும்போதும் பேச்சு. ஸ்டவ்வைப் பற்றவைக்கும்போதும் பேச்சு. இடுக்கி கொதிக்கிற சத்தத்துக்கு மேலே பேச்சு.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, மேசைமேல் படுத்திருந்த அய்யம்மாளின் முகத்தைக் குனிந்து பார்த்தபோதுதான் பேச்சு நின்றது. எவ்வளவு நாளாகப் போகிறது என்று கேட்டாள். எப்படிப்பட்ட வலி என்று கேட்டாள். தலை சுற்றுகிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் வருகிறவரை காத்திருந்தாள். அய்யம்மாள் மெதுவாகத்தான் சொன்னாள். இமையைக் கீழே இழுத்துப் பார்த்த கிருபாபாய், ரத்தமே இல்லையே உன்கிட்ட என்றாள். இதை எடுத்துவிட்டாலும் நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும், நானே கூட வருகிறேன் என்றாள்.

"டாக்டரம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ பேசாம இரு" என்றும் சொன்னாள்.

"இல்ல" என்றாள் அய்யம்மாள். "நானே பேசுதேன்."

கிருபாபாய் இடுக்கியைக் கையில் எடுத்தாள்.

"சரி. வலிச்சாச் சொல்லுட்டி."

"சொல்லுவேன்" என்றாள் அய்யம்மாள், வெளியே குடையோடு உட்கார்ந்திருந்த முத்தாத்தாளுக்குக் கேட்கிற மாதிரி.