எட்டாவது வீட்டுக்காரி

ஒதியம்பட்டில் யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவேன், சார். மூக்கை நுழைக்கிறவள் என்பார்கள். எனக்கு அது ஊர்மேல் உள்ள அக்கறை. பெயர் ஜெயசித்ரா, வயது ஐம்பத்திரண்டு. எழுதிக்கொள்ளுங்கள்.

குமரவேல் என்னைத் தேடி வந்ததும் அந்த அக்கறைக்காகத்தான். கரும்பு விளைந்த நிலத்தை வாங்கி ஃபிளாட் கட்டிக்கொண்டிருந்தார். நாலு மாடிக்குத்தான் அனுமதி. உள்ளூர் ஏழைகள் எட்டுப் பேருக்குக் கீழ்த்தளத்தில் வீடு ஒதுக்கினால், மேலே இன்னும் இரண்டு மாடி எழுப்பிக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு சலுகை. ஏழைக்கு வீடு, முதலாளிக்கு மாடி. யாருக்கும் நஷ்டமில்லை. யார் நிஜமான ஏழை, யார் கார்டில் மட்டும் ஏழை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எட்டுப் பெயரை நான்தான் கொடுத்தேன். அதற்காக ஆறாவது மாடியில் எனக்கொரு வீடு என்று பேச்சு.

எட்டாவது பெயர் தையலம்மாள். கரும்பு வெட்டப் போகிறவள், புருஷன் இல்லை. அந்த நிலத்து மூலையில்தான் அவள் குடிசை. ஒதுக்கீட்டுக் கடிதம் கைக்கு வந்ததும் குடிசையைத் தானே பிரித்துப் போட்டுவிட்டு, பாகூரில் தங்கச்சி வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். ஆறு மாதம் என்றோம். மூன்று வருஷம் ஆனது. கொட்டகையில் அவளுக்கு மூச்சிளைப்பு வந்ததுதான் மிச்சம். குமரவேல் அதற்குள் எட்டு வீட்டையும் வேறு ஆட்களுக்குப் பேசி முடித்திருந்தார்.

ஏழைகள் குடியிருக்கிறார்களா என்று பார்க்க அதிகாரி வருகிற நாள் வந்தது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் மேல் இரண்டு மாடியும் இடிபடும். ஏழு வீட்டை நான் குடித்தனமாக்கினேன். ஈரத்துணி காயப்போட்டேன், வாசலில் கோலம் போட்டேன், தெருவிலிருந்து ஏழு குடும்பத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். ஒரு வீட்டில் நிஜமாகவே அடுப்பு மூட்டி வஞ்சிரக் குழம்பு வைத்தேன். வாசனை இல்லாத வீட்டை யார் நம்புவார்கள்? எட்டாவதில் ஜன்னல்வரை சிமெண்ட் மூட்டை. அதற்குப் பூட்டுப் போட்டு, ‘ஆள் வெளியூர்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

பதினொரு மணிக்குத் தையலம்மாள் வந்து நின்றாள். யார் சொன்னார்களோ தெரியாது. அது ஒன்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியாமல் போன சேதி.

“இன்னாடி ஜெயா, ஏழு வூட்டுலயும் சனம் இருக்குது, என் வூடு மட்டும் பூட்டிக் கெடக்குது? ஆபீசரு வரட்டும், பேப்பரைக் காட்டிக் கேக்கறேன்.”

“கேளு தையலு, யாரு வேணான்னது? உன் வூட்டுல போயி குந்து. ஆபீசரு அங்கதான் மொதல்ல வருவாரு. பையக் குடு, பேப்பரை நான் எடுத்து வைக்கறேன்.”

கொடுத்தாள். உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். அரை மணி நேரத்துக்குத்தான்.

அதிகாரி பன்னிரண்டு மணிக்கு வந்தார். ஏழு வீட்டை இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார். எட்டாவதுக்கு ‘ஆள் வெளியூர்’ என்றதும் தலையாட்டிவிட்டார். கிளம்ப வேண்டியவர் நின்று மூச்சை இழுத்தார்.

“இன்னாம்மா, வஞ்சிரமா?”

“பனித்திட்டுக் கடக்கரைலேர்ந்து காலைல வந்தது சார். ரெண்டு வாய் சாப்ட்டுப் போங்க.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் குடித்தனக்காரி அப்படிச் சொல்வாளா? இலை போட்டேன். அவர் நிதானமாக முள் எடுத்துச் சாப்பிடுகிற ரகம். எட்டாவது வீட்டுப் பக்கச் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. “ஜெயா, ஜெயா” என்று ஒரு குரலும் கேட்டது, மெலிசாக.

“இன்னா சத்தம் அது?”

குமரவேல் என் முகத்தைப் பார்த்தார்.

“மேல டைல்ஸ் ஒட்டறாங்க சார்,” என்று சொல்லி நான் இன்னொரு துண்டு வைத்தேன்.

மோர் ஊற்றும்போது தட்டுவது நின்றுவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டரை மணிக்குக் கையெழுத்துப் போட்டார். குழம்பு பிரமாதம் என்றார்.

கதவைத் திறந்தபோது வாசற்படியை ஒட்டிக் கிடந்தாள். முகமெல்லாம் சிமெண்ட் தூசி. விரல் நகங்கள் நீலமாக இருந்தன.

பையில் இளைப்புக்கு உறிஞ்சுகிற மருந்து இருந்தது தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியும், சார். ஊரில் யார் பையில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. ஆனால் கடிதமும் அதே பையில்தானே இருந்தது? அதிகாரி இலையில் உட்கார்ந்திருக்கும்போது அதை எப்படி அவள் கையில் கொடுப்பது? நான் கல்நெஞ்சக்காரி இல்லை. தண்ணீர் கேட்டிருந்தால் கதவைத் திறந்து கொடுத்திருப்பேன். அவள் கேட்டது பையை.