இரண்டு நிமிட மௌனமும் இருபத்தொன்றாம் நாளும்

இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர்களே, துயரத்தோடு கூடியிருக்கும் சகாக்களே,

அஞ்சலி மௌனம் ஒரு நிமிடமா, இரண்டு நிமிடமா என்பதை ஐவர் குழு மூன்று முறை கூடி ஆராய்ந்து, இரண்டு என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. இந்நிறுவன வரலாற்றில் இத்தனை விரைவாக வந்த தீர்மானம் வேறில்லை. அந்த மௌனத்தில் எந்த இயந்திரமும் உறுமக் கூடாது என்பது என் திருத்தம். அதனால்தான் ஒலிபெருக்கி இல்லை, மின்விசிறி இல்லை, மின்தூக்கியும் இல்லை. மறைந்தவரின் தம்பியைச் சக்கர நாற்காலியோடு நான்கு பேர் மாடிப்படியில் தூக்கி வந்தார்கள். பொறுத்தருள்க.

நம் முதுநிலை ஆய்வாளர் அம்மையாரை யார் மறக்க முடியும்? அவர் ஆராய்ந்த நோயில், உடலைக் காக்க வேண்டிய செல்களில் சில, வெறிபிடித்து மூளையின் நரம்புறையையே கடிக்கின்றன. அவற்றை அடக்கும் செல்களும் உண்டு. வெறிச் செல் சர்க்கரையை அள்ளி விழுங்கும். அடக்கும் செல் கொழுப்பை நிதானமாக எரிக்கும். தீனியை மாற்றினால் யார் கை ஓங்கும் என்பதும் மாறும் என்றார் அம்மையார். யார் கேட்டோம்? பதினோரு ஆண்டுகள் யார் கேட்டோம்?

"ஆராய்ச்சியா இது, மாட்டுக்குத் தவிடு வைக்கிறதா?" என்று சொல்லி, தீனியக்கா என்று பெயர் வைத்தவன் அடியேன்தான். அவர் கோபித்ததில்லை.

"மாடாவது பால் குடுக்கும் சார். இந்தத் துறைக்கு எத்தனை வருஷமா தீனி போடுறோம்?"

அந்த நகைச்சுவை உணர்வை அவரது பதவி உயர்வுக் கோப்பில் மூன்று முறை குறித்திருக்கிறேன். மூன்று முறையும் கோப்பு திரும்பி வந்தது.

தம்பிக்கும் அதே நோய். மருந்து தொடங்கும் முன் எடுத்த அவர் ரத்தத்தின் செல்களை, இதே தளத்தின் கோடியில், மின்சாரத்தால் உடற்சூடு குறையாமல் காக்கும் வெப்பப்பெட்டியில் அம்மையார் வளர்த்துவந்தார். இருபத்தொரு நாள் கணக்கு. எந்தத் தீனியில் அடக்கும் செல் ஜெயிக்கிறதோ, அதை வைத்தே அடுத்த சிகிச்சை. மருந்து தொடங்கிவிட்டதால், அப்படி மறுபடி ரத்தம் எடுக்க வழியில்லை. பதினெட்டாம் நாள் கடைசித் தீனியைப் போட்டுவிட்டு, அந்தப் பெட்டியருகிலேயே சாய்ந்தார்.

இன்று இருபத்தொன்று. வாசலில் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இன்னைக்கு எண்ணிச் சொல்றேன்னு அக்கா சொல்லியிருந்தாங்க. யாராச்சும் பாப்பீங்களா?"

"கூட்டம் முடியட்டும் தம்பி. அக்கா வச்சது வச்சபடியே இருக்கு. ஒருத்தரும் தொடல."

சகாக்களே, அம்மையாரின் பணியை நாம் தொடர்வோம். அந்த அறைக்கு அவர் பெயர்தான், பலகை தயார்.

எழுந்து நில்லுங்கள். தம்பி உட்கார்ந்தே இருக்கலாம்.

ஓர் அறிவிப்பு: மௌனத்துக்காக இந்தத் தளத்தின் மின்சாரம் முழுவதையும் மின்பணியாளர் நேற்று மாலையே துண்டித்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார். மின்னறைச் சாவி அவரிடம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை வருவார்.