அரைமணி நேரக் கார்ட்டூனும் அல்போன்சா கடையும்

அரை மணி நேரம்கூட ஓடாத கார்ட்டூனுக்கு முழுப் படத்தின் விலை கேட்பது நியாயம் இல்லை. இதை அன்றைக்கும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை.

எங்கள் பேட்டையான மர்பி டவுனில் அல்போன்சா சிடி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தாள். எந்தப் படத்தையும் நான் குறை சொல்லித்தான் திருப்பிக் கொடுப்பேன். அதனால் எனக்கு ரசனை அதிகம் என்று அவளும், மாலையில் கடை வாசலில் நிற்கிற நாலைந்து பேரும் முடிவு கட்டியிருந்தார்கள். அந்த மரியாதையை நான் கேட்டு வாங்கவில்லை. வந்ததைத் தடுக்கவும் இல்லை.

2004இல் பையன்கள் வீடியோ கேம் கடைகளிலேயே குடியிருந்தார்கள். அவர்கள் ஆடிய ஒரு வாள்சண்டை கேமின் கிளைக்கதையை அந்த கேம் கம்பெனி குட்டிக் கார்ட்டூனாக எடுத்துச் சிடியில் விட்டிருந்தது. மொத்த வியாபாரி அல்போன்சாவிடம் ஒன்றை மாதிரிக்குக் கொடுத்திருந்தார். அவள் அதை என்னிடம் நீட்டினாள்.

"விக்கறதுக்கு ஒரு பெட்டியோட எடுக்கணுமாம்ண்ணா, திருப்பி வாங்க மாட்டாராம். பசங்க திரும்பி வரலைன்னா கடையை மூட வேண்டியதுதான். பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பார்த்தேன். வாள்வீரன் செத்துப்போனது தெரியாமல், அவன் வளர்த்த கரடி கஞ்சியைச் சூடாக வைத்துக்கொண்டு காத்திருக்கும். அந்த இடத்தில் என் கண்ணில் தூசி விழுந்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே இடம், அதே தூசி.

மறுநாள் கடையில் வழக்கமான கூட்டம் நின்றது.

"இன்னாண்ணா, கரடிப் படம் பார்த்தியாமே? அழுதியா?" என்றான் ஆட்டோ ஓட்டும் சின்னப்பா.

ஐம்பதை நெருங்குகிறவன் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். "கொழந்தைங்க சமாச்சாரம். எடுக்காதேம்மா," என்றேன்.

"நானும் ஒருவாட்டி போட்டுப் பார்க்கறேனே," என்றாள் அல்போன்சா.

சிடியில் கீறல் விழுந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். அப்போது அது என் வீட்டு பிளேயருக்குள் இருந்தது.

எதிரில் சிடி கடை வைத்திருந்த சந்திரன் பெட்டியோடு எடுத்தான். பையன்கள் அங்கே மொய்த்தார்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்களும் பின்னாலேயே போனார்கள். அந்த வருடம் முடிவதற்குள் அல்போன்சா கடையைக் காலி செய்தாள். இப்போது பஸ் மாறி மாறி, ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறாள். கடைசி நாளில், "நீங்க ஒருத்தர்தான்ண்ணா எனக்கு உள்ளதைச் சொன்னீங்க. இந்தப் பசங்களுக்குத்தான் ரசனை இல்லை," என்றாள். நான் மறுக்கவில்லை. மனம் நொந்திருப்பவளோடு வாதாடுவது நாகரிகம் அல்ல.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இந்த மாதிரிக் குட்டிக் கார்ட்டூன்களைக் காசு கொடுத்து வாங்கலாமா? கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். ஓட்டி ஓட்டி என்னுடையது கரடி வரும் இடத்தில் சிக்க ஆரம்பித்ததும், சந்திரனிடம் அக்கா மகனுக்கு என்று சொல்லி இரண்டு வாங்கினேன். எனக்கு அக்கா கிடையாது. ஒன்றை அல்போன்சாவுக்குக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் பேச்சில் அவள் வைத்திருக்கும் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.