கல்லில் வெட்ட வேண்டிய நாடு

யாண்டோ, என் செல்லமே, முதலில் உன்னைக் கூப்பிட்டுவிட்டுத்தான் இந்தச் சபையைக் கூப்பிடுகிறேன். சபை கோபித்துக்கொள்ளாது.

தலைமை தாங்கும் கவுன்சிலர் ப்ரோபர்ட் அவர்களே! தேவாலயத்தின் முன்னிருக்கை மூப்பர்களே! மூடிப்போன சுரங்கத்தின் இருமலை இன்னும் நெஞ்சில் சுமக்கும் பெரியவர்களே! பாடகர் குழுவின் தம்பிமார்களே! பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் என் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம். தாய்மார்களே, கெட்டிலைக் கொஞ்சம் கீழே வையுங்கள். உங்களை நம்பித்தான் இன்று மேடை ஏறியிருக்கிறேன்.

நான் அதிகம் படிக்காதவள். இந்த மன்றத்தின் தரையைத் துடைப்பவள். இந்த மேடையில் வாளியோடு ஏறியிருக்கிறேன்; வாயோடு ஏறுவது இதுவே முதல் முறை.

விஷயம் உங்களுக்குத் தெரியும். நார்வேயில் பாலம் கட்டப் போன என் மகன் யாண்டோ, கவிழ்ந்த படகிலிருந்து இரண்டு குழந்தைகளைக் கரை சேர்த்தான். அவன் கரை சேரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அவனுக்குக் கடலோரத்தில் கல் நடுகிறார்கள். கல் வருமுன்னே ஒரு மரப்பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது? ‘இங்கிலாந்தின் வீரமகன்.’ நம் வேல்ஸ் மண்ணில் பிறந்தவனை!

தப்பிப் பிழைத்த சிறுமி தன் தாயிடம் கேட்டாளாம், அந்த மாமா எந்த நாட்டுக்காரர் என்று. தாய் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அங்கே போனபோது, பலகையின் கீழே அவள் போட்ட பூவை நான் தொட்டு முத்தமிட்டு வந்தேன். கல்லில் வெட்டுமுன் இது சரிதானா என்று அவர்கள் நம்மைக் கேட்கிறார்களே, அது எவ்வளவு பெரிய மரியாதை! அதற்கு நம் ஊர்க் கமிட்டி சொல்லப்போகும் பதில்தான் என் வருத்தம்.

கவுன்சிலர் என் சமையலறைக்கு வந்தார். நான் சுட்ட கேக்கில் இரண்டு சாப்பிட்டார். பிறகு சொன்னார்: “ஓல்வென், வேல்ஸுன்னு போட்டா அது எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. பிரிட்டன்னு போடுவோம். இல்லேன்னா இருக்கிறதே இருக்கட்டும். வெளியாளுக்கு எல்லாம் ஒண்ணுதானே.”

எல்லாம் ஒன்றா? ஐயா, இந்த மன்றத்தில் எத்தனை எவன்ஸ் உட்கார்ந்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதிக் கூட்டம்! அதனால்தானே ஒருவர் ரொட்டி எவன்ஸ், ஒருவர் கரி எவன்ஸ், அதோ கறுப்புக் கோட்டில் சவப்பெட்டி எவன்ஸ். நானும் எவன்ஸ்தான், வாளி ஓல்வென் என்றால்தான் உங்களுக்குத் தெரியும். வடக்குத் தெருக் கல்யாணத்தை மறந்துவிட்டீர்களா? வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணிடம், எவன்ஸை உடனே வரச்சொல் என்றார்கள். கல்யாணக் கேக் செய்யும் ரொட்டி எவன்ஸ் வரவில்லை. சவப்பெட்டி எவன்ஸ் அளவு நாடாவோடு வந்து, தொப்பியைக் கழற்றி, “யாருக்கு?” என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. சிரியுங்கள், சிரியுங்கள். ஓர் எவன்ஸை இன்னோர் எவன்ஸ் என்று சொன்னால் பொறுக்காத ஊர் இது. ஒரு நாட்டை இன்னொரு நாடு என்று சொன்னால் மட்டும் பொறுக்குமா?

பின்னாலிருந்து யாரோ கேட்கிறார், அவன் பாஸ்போர்ட்டில் பிரிட்டிஷ் என்றுதானே இருந்தது என்று. இருந்தது ஐயா. நான் மறுக்கவில்லை. அது மழைக்கோட்டு. வெளியே போனால் போட்டுக்கொள்ள வேண்டும். நல்ல கோட்டு, நனையவிடாது. அதற்காக அதைப் போட்டுக்கொண்டா தொட்டிலில் கிடந்தான்? அதைப் போட்டுக்கொண்டா மண்ணுக்குள் போனான்?

அந்தப் பாலத்தில் அவனோடு வேலை செய்தவர்கள் இருவர். ஸ்காட்லாந்துக்காரன் முர்டோ. இங்கிலாந்துக்காரர் கிளிஃபர்ட், யார்க்‌ஷயரிலிருந்து ரயிலேறி வந்து இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே மேஸ்திரி மூவரையும் இங்கிலாந்துக்காரர்களே என்றுதான் கூப்பிடுவாராம். கிளிஃபர்ட் மட்டும் திரும்புவார். மற்ற இருவரும் காது கேளாதவர்கள்போல் போல்ட்டு முடுக்குவார்களாம். கால்பந்து ஆட்டம் வந்தால் கேட்கவே வேண்டாம். கிளிஃபர்ட் சொல்வாராம்: “உங்க ரெண்டு பேருக்கும் சொந்த நாடே கிடையாதுடா. இன்னைக்கு இங்கிலாந்தை எதிர்த்து எவன் ஆடுறானோ, அவன் நாடுதான் உங்க நாடு.” அப்படித் திட்டிவிட்டு, தன் தட்டிலிருந்த பன்றிக்கறித் துண்டை என் பிள்ளை தட்டில் வைப்பாராம்.

அந்த மனிதர் சவப்பெட்டி வந்த அன்று விமான நிலையத்தில் என் பக்கத்தில் நின்றார். பெட்டிமேல் பிரிட்டன் கொடியைப் போர்த்தியிருந்தார்கள். நான் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். நேராக நிற்கும் சிவப்புச் சிலுவை இங்கிலாந்துடையது. சாய்ந்த வெள்ளை ஸ்காட்லாந்துடையது. சாய்ந்த சிவப்பு அயர்லாந்துடையது. நம்முடையது எங்கே? நம் வேல்ஸ் கொடியில் நிற்கும் சிவப்பு டிராகனின் வால் எங்கே? நகம் எங்கே? ஒரு நூல்? அதன் ஒரே ஒரு சிவப்பு நூல்? இல்லை தாய்மார்களே. என் பிள்ளையை மூடிய துணியில் என் பிள்ளையின் நாட்டுக்கு இடமில்லை.

கிளிஃபர்ட் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அம்மா, இதுல என்னோடது இருக்கு, முர்டோவோடது இருக்கு. அவனோடதைத் தேடுறீங்க, இல்ல?” என்றார். பையைத் திறந்து, யாண்டோ ரக்பி பார்க்கப் போகும்போது கட்டும் சிவப்புக் கழுத்துத் துணியை எடுத்து அந்தக் கொடிமேல் விரித்தார். விரித்துவிட்டுச் சொன்னார்: “எங்க பேரை எல்லாருக்கும் ஒட்டுறாங்க. அப்புறம் எங்களுக்குன்னு என்ன பேரு மிச்சம், அம்மா?”

கேட்டீர்களா சபையோரே? ஓர் இங்கிலாந்துக்காரருக்குப் புரிகிறது. நம் கமிட்டிக்குப் புரியவில்லை!

வேல்ஸ் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதாம். தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும்! அந்தக் கரையில் நடப்பவர் நிற்கட்டும், படிக்கட்டும், இது எந்த நாடு என்று கேட்கட்டும். கேட்டவருக்கு யாராவது சொல்லட்டும். சிறிய நாடு என்பதால் சிறிய எழுத்தில் வெட்டுவார்களா? பெரிய வீட்டின் பின்னறையில் இருக்கிறோம் என்பதற்காகப் பின்னறைக்குப் பெயரில்லையா? அடுப்பு இங்கே எரிந்தது. கரி இங்கே வெட்டினோம். குளிர் காய்ந்த வீட்டுக்கு மட்டும்தான் பெயரா? கமிட்டி என்ன முடிவெடுத்தாலும் சொல்கிறேன்: வேறு பெயரை வெட்டினால், இந்த வாளியோடும் தேய்க்கும் பிரஷோடும் நானே கப்பலேறிப் போவேன். துடைப்பது எனக்குத் தெரிந்த தொழில்!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிட்டேன் ஐயா. வேல்ஸ் என்றே வெட்டச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொல்லுங்கள். என் கை ஏற்கெனவே மேலே இருக்கிறது. கேக் தின்ற கையும் எழும்பும் என்று நம்புகிறேன். பொறுமையாய்க் கேட்ட பெரியவர்களுக்கும், கெட்டிலை ஆறவிட்டுக் கேட்ட தாய்மார்களுக்கும், ரயிலேறி வந்த கிளிஃபர்டுக்கும் இந்தத் தாயின் நன்றி. உங்கள் பிள்ளைகள் எந்தத் தண்ணீரைத் தாண்டினாலும் தம் பெயரோடு வீடு திரும்பட்டும். வணக்கம்.

யாண்டோ, இவ்வளவும் நான்தான் பேசினேன்; உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தண்ணீரில், உன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த அந்தக் குழந்தை, “மாமா, நீங்க எந்த நாடு?” என்று உன்னிடமே கேட்டிருந்தால், நீ என்னடா சொல்லியிருப்பாய்?