சொந்த நெஞ்சு

— ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க... இன்னும்... இன்னும்... அடடா, நிறுத்திட்டீங்களே அண்ணே! நுரையீரல் டெஸ்ட்னா ஆறு செகண்ட் ஊதணும்.

— மூக்குல கிளிப்பை மாட்டிட்டு ஊதுன்னா எப்படிம்மா ஊதுறது? துணி காயப் போட்ட மாதிரி இருக்கு.

— மூக்கு வழியா காத்து நழுவக் கூடாதுன்னுதான். போன வருஷமும் இதே கிளிப்தானே மாட்டினேன்?

— ஆங்... ஆமா. மறந்துட்டேன்.

— சரி, எழுந்திரிக்க வேண்டாம். மூணு தடவை ஊதிட்டீங்க, மூணும் ஒண்ணு போலத்தான் வருது. நூத்துக்கு ஐம்பத்திரண்டு.

— என்னது?

— உங்க வயசுக்கு, உங்க உயரத்துக்கு நூறு பங்கு ஊதணும்னா, நீங்க ஐம்பத்திரண்டுதான் ஊதுறீங்க.

— மெஷின் கெட்டுப் போச்சு.

— காலையில மூணு லிட்டர் பம்ப் வெச்சு அடிச்சுப் பார்த்தேன். மூணு லிட்டர்னு சரியாத்தான் காட்டுச்சு.

— அப்ப பம்ப் கெட்டுப் போச்சு! ஏம்மா, போன வருஷம் தொண்ணூத்தாறு. கீழ உன் கையெழுத்தே இருக்கு. ஒரு வருஷத்துல பாதி நெஞ்சை எவன் திருடிட்டுப் போனான்? பதினோரு வருஷமா இந்தப் பட்டறையில கல் அறுக்குறேன். சமையல் மேடைக்குப் போடுற பலகைக் கல்லு, சும்மா காகிதம்னு நெனச்சியா?

— மாடிக்கு ஏறி வந்தீங்களே, வாசல் நாற்காலியில எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?

— ...படி செங்குத்து.

— பன்னிரண்டு படி அண்ணே.

— அதை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கியா? இதுக்குத்தான் உனக்குக் கம்பெனி...

— கத்துங்க, கத்துங்க. கத்துறதுக்கும் காத்து வேணுமில்ல? பேச்சு பாதியிலயே இருமல் வந்துடுச்சு பாருங்க. தண்ணி குடிங்க.

— தொண்டையில தூசி. அவ்வளவுதான். துண்டு கட்டிக்கிட்டுத்தான் அறுக்குறேன். மூக்குல வர்ற தூசி மூக்கோட நின்னுடும்.

— பெரிய தூசி நிக்கும். மூக்கு முடி புடிச்சுக்கும். தப்பிச்சு வந்ததை மூச்சுக்குழாய்ல இருக்குற சளி ஒட்டிக்கும். குழாய் பூரா கண்ணுக்குத் தெரியாத மயிர் இருக்கு. துடைப்பம் மாதிரி அந்தச் சளியை மேல மேல தள்ளிக்கிட்டே இருக்கும். நீங்க காலையில காறித் துப்புறது அதுதான்.

— அப்புறம் என்ன? எல்லாரும் ஒழுங்கா வேலை பார்க்குறாங்கல்ல?

— உங்க கல்லுல வர்ற தூசி அதைவிடப் பொடிசு. காவல்காரங்க அத்தனை பேரையும் ஏமாத்திட்டு உள்ள போயிடும். குழாய் ரெண்டாப் பிரியும், நாலாப் பிரியும், இப்படியே இருபது தடவைக்கு மேல பிரிஞ்சு, கடைசியில காத்துப் பை. கோடிக்கணக்குல குட்டிக் குட்டிப் பை. அதோட சுவர் அவ்வளவு மெலிசு. இந்தப் பக்கம் காத்து, அந்தப் பக்கம் ரத்தம். நல்ல காத்து ரத்தத்துக்குள்ள போறதும் கெட்ட காத்து வெளிய வர்றதும் அங்கதான். தூசி அங்க போய் உக்காந்துக்கும்.

— உக்காந்தா உக்காரட்டும். கோடிக்கணக்குல இருக்குன்னு நீதானே சொன்ன.

— இடது கையை நீட்டுங்க. இது என்ன தழும்பு?

— பிளேடு பட்டது. ஆறு வருஷம் இருக்கும்.

— அது மேல வேர்க்குதா? முடி முளைச்சுதா?

— இல்ல.

— கிள்ளி இழுத்துப் பாருங்க. பக்கத்துத் தோல் மாதிரி வருதா?

— ...வரல.

— உள்ள அதுதான் நடக்குது. தூசி உக்காந்த இடமெல்லாம் தழும்பு. நுரையீரலால தானா விரிய முடியாது அண்ணே. அதுக்குக் கீழ அகலமா ஒரு தசை இருக்கு, உதரவிதானம்னு பேரு. அது கீழ இறங்கணும், விலா எலும்பு விரியணும், அந்த இழுப்புலதான் நுரையீரல் விரிஞ்சு காத்து உள்ள வரும். தழும்பை இழுத்தா விரியுமா?

— இதையெல்லாம் என்கிட்ட எதுக்குச் சொல்ற? முதலாளிகிட்டப் போய்ச் சொல்லு! தண்ணி ஊத்திக்கிட்டே அறுக்குற மெஷின் அது. சேறாகுது, வேலை இழுக்குதுன்னு தண்ணிக் குழாயை மூடினது நானா? மூக்குல துண்டைக் கட்டிக்கோன்னது நானா? எண்பதுக்குக் கீழ போனா வீட்டுக்கு அனுப்புறாங்க, தெரியும்ல? குழாயை மூடினவன் உள்ள இருப்பான், தூசியைத் தின்னவன் வெளிய போகணுமா?

— தெரியும்.

— தெரிஞ்சா தொண்ணூத்தாறு போடு. போன வருஷத் தாளைப் பார்த்து எழுதிடு.

— போட மாட்டேன். போன வருஷம் யார் ஊதினது?

— என்ன கேள்வி இது? நான்தான்.

— கிளிப்பை மாட்டினதும் துணி காயப் போட்ட மாதிரி இருக்குன்னீங்க. ஒரு தடவை மாட்டினவங்க யாரும் அதை மறக்க மாட்டாங்க அண்ணே.

— டிரைவர். லாரி ஓட்டுறவன், தூசியில நிக்காதவன். எனக்கு மட்டுமில்ல... அறுப்புல இருக்குற ஏழு பேருக்கும் அவன்தான் ஊதினான். எங்க சட்டையை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு. கடைசியில தலை சுத்தி லாரி நிழல்ல போய் விழுந்துட்டான்.

— சிரிக்கிறீங்களா?

— வேற என்ன பண்ணச் சொல்ற? கம்பெனியையே ஏமாத்திட்டோம்னு அன்னைக்கு அப்படி ஒரு சந்தோஷம்...

— யாரை ஏமாத்தினீங்க? தண்ணிக் குழாய் ஏன் மூடியிருக்குன்னு தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார். "இங்க தூசியே கிடையாது, எங்க ஆளுங்க நெஞ்சைப் பாருங்க"ன்னு அந்த ஏழு தாளையும் எடுத்துக் காட்டினாங்க. அவர் தலையாட்டிட்டுப் போயிட்டார். ஆபீஸ்ல அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க, போய்ப் பாருங்க.

— ...எங்க தாளையா?

— உங்க தாளையேதான்.

— இரு... இரு. உன் எதிர்லதானே ஊதினான்? இதே ஸ்டூல்ல. ஒரே ஆள் ஏழு தடவை வந்து உக்காந்திருக்கான். சட்டையை மாத்தினா மூஞ்சி மாறிடுமா? நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?

— இந்தாங்க, பிரிண்ட். ஐம்பத்திரண்டுன்னே இருக்கு. போன வருஷத் தாள் ஏழும் செல்லாதுன்னு அடியில எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு இன்ஸ்பெக்டருக்கு. மத்த ஆறு பேரையும் வரச் சொல்லுங்க. அவங்கவங்க சொந்த நெஞ்சோட.

— பேச்சை மாத்தாதே. கேட்டதுக்குப் பதில் சொல்லு. பார்த்தியா, இல்லையா?

— மூணாவது சட்டையில வந்தப்பவே தெரியும் அண்ணே. தலை சுத்துதுன்னார். தண்ணி குடுத்து, "இன்னும் நாலு பேர்தானே, மெதுவா ஊதுங்க"ன்னு சொன்னதே நான்தான்.